பார்த்ததைச் சொல்லச் சொன்னவர்

தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி அவர் எத்தனையோ தரம் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தரமும் நான் "ஸி, சிஞ்ஞோரா" என்றுதான் பதில் சொன்னேன். "ஓம், அம்மா" என்ற அர்த்தத்தில் வரும் அந்த இரண்டு சொற்களும் பலெர்மோவில் வீட்டு வேலை செய்கிற தமிழ்ப் பெண்களுக்கு மூச்சு விடுவதைப் போன்றவை. பதினோரு வருடம் அவரிடம் வேலை செய்தும் பெயர் என் வாயில் வரவில்லை. இப்போது எழுதும்போது மட்டும் பெயரைப் போட்டால் யாரோ பிறத்தியாரைப் பற்றி எழுதுவது போலிருக்கும். சிஞ்ஞோரா என்றே இருக்கட்டும்.

எங்கள் சனம் அவரை ஜெர்மன்காரி என்றது. பல்லரோ சந்தைக்காரர்களும் தங்கள் மொழியில் அதையேதான் சொன்னார்கள். எழுபதை நெருங்கியவர், நல்ல உயரம், காலில் ஆண்களுடைய சப்பாத்து, உடம்பில் ஒரு நீல வேலைக்கோட்டு, காதோரத்தில் எந்த நேரமும் ஏதாவதொரு நிறம் காய்ந்து ஒட்டியிருக்கும். ஒரு கோடைக்காலம் இருந்து படம் கீறிவிட்டுப் போகலாம் என்று இளவயதில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. சந்தைக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய தெருவில் கூரை பாதி விழுந்து கிடந்த ஒரு களஞ்சியத்தைப் பிடித்து, தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்து, உடைந்த கதிரைகளைச் சேர்த்து, கதவைத் திறந்துவிட்டார். அந்த இடத்தை எல்லோரும் சென்ட்ரோ என்றார்கள். காலையில் அங்கே பெண்களுக்கு இத்தாலிய மொழி வகுப்பு நடக்கும். பின்னேரத்தில் கானா நாட்டுப் பெடியன்கள் மேளம் அடிப்பார்கள். சனிக்கிழமையில் எங்கள் பிள்ளைகள் நடனம் பழகுவார்கள். இடையில் யாராவது ஒருவருடைய படங்கள் சுவரில் தொங்கும். பின்னறையில் அவர் படம் கீறினார். மேல்மாடியில் ஒரு கட்டில், ஒரு குசினி. அவ்வளவுதான் அவருடைய வீடு.

கண்ணை வைத்துப் பிழைத்தவர் அவர். அந்தக் கண் போனதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இதை என் மனுசனையும் ஒரு பாதிரியாரையும் தவிர வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் பேசியது இத்தாலியம். இரண்டு பேருக்கும் அது இரவல் மொழி. அவர் பேசினால் எனக்குள் எங்கள் ஊர்காவற்றுறைத் தமிழாகத்தான் அது கேட்கும். அப்படியே எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் வேலை கேட்டுப் போனபோது, என்ன வேலை தெரியும், யார் வீட்டில் நின்றாய், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இருக்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை. பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு படத்துக்கு முன்னால் என்னை நிறுத்தினார்.

"என்ன தெரியுது?"

"வடிவாயிருக்கு, சிஞ்ஞோரா."

"வடிவோ எண்டு நான் கேக்கேல்லை. என்ன தெரியுதெண்டு கேட்டனான்."

"மீன், சிஞ்ஞோரா."

"அது பூனைக்கும் தெரியும். வடிவாப் பார்."

எனக்கு எரிச்சல் வந்தது. காலையில் பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று குளியலறை கழுவிவிட்டு வந்திருக்கிறேன், நாரி முறிகிறது, இந்த மனுசி என்னை மீனுக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறார். என் அப்பர் இறங்குதுறையில் மீன் ஏலம் கூறியவர். அந்த எரிச்சலில் வாயில் வந்தது: "இது பழுதாப்போன மீன். கண் உள்ளுக்கை போயிட்டுது. மூண்டு நாளாவது இருக்கும். இதை ஆரும் வாங்கமாட்டினம்."

வேலை போய்விட்டது என்று நினைத்துக் கைப்பையை எடுத்தேன். அவர் சிரித்தார். பெரிய பற்கள், குதிரைச் சிரிப்பு. "ஓம். மூண்டு நாள் என்ரை மேசையிலை கிடந்தது. அந்த மணத்துக்கை இருந்துதான் கீறினனான். இஞ்சை வந்த அவ்வளவு பேரும் வடிவு வடிவு எண்டிட்டுப் போட்டினம். நீ திங்கள் வா."

அதுதான் அவர். யாரைக் கண்டாலும் எதையாவது காட்டி, என்ன தெரியுது என்று கேட்பார். தபால்காரனைக் கேட்பார். குழாய் திருத்த வந்தவனைக் கேட்பார். மரியாதைக்குச் சொல்லும் பதில் அவருக்கு ஆகாது. தலையாட்டுகிறவர்களைக் கண்டால் முகம் சிவந்துவிடும். நல்ல மனுசி, ஆனால் பக்கத்தில் நிற்பது கஷ்டம்.

ஒருநாள் பெரிய கார் ஒன்று தெருவுக்குள் வரமுடியாமல் சந்தியிலேயே நின்றது. அதிலிருந்து இறங்கி வந்த கனவான் ஒரு படத்தை வாங்கப் போகிறார் என்று சென்ட்ரோ முழுக்கப் பேச்சு. கூரை ஒழுகிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் படம் விற்றால் மழைக்கு முன்னால் ஓடு மாற்றலாம். கனவான் படத்துக்கு முன்னால் நின்று, அருமை, அற்புதம், என்ன ஒரு கடல் என்றார். சிஞ்ஞோரா கேட்டார், "கடல் எங்கை தெரியுது?" அவர் கையை நீட்டிக் காட்டினார். அது கடல் இல்லை. எதிர் வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்பு. கொடியும் கிளிப்பும்கூடத் தெளிவாகக் கீறியிருந்தார். "நீங்கள் பாக்காமல் வாங்கிறியள். உங்களுக்கு நான் தரமாட்டன்" என்றார் சிஞ்ஞோரா. கனவான் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அந்த மழைக்காலம் முழுக்க நான் கூடத்தில் ஐந்து வாளி வைத்தேன்.

"உன்ரை ஜெர்மன்காரிக்கு ஒரு பூட்டு வாங்கிக் குடு, வாய்க்குப் போட" என்றார் என் மனுசன். அவர் கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவார். குளிர்காலத்தில் வேலை இருக்காது. அப்போது வீட்டிலிருந்து எல்லோரைப் பற்றியும் கருத்துச் சொல்வார்.

எங்கள் பெண்களோடு நடந்தது அதைவிட மோசம். எட்டுத் தமிழ்ப் பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய படம் கீறப்போவதாக என்னிடம் சொன்னார். நான் போய் எல்லோருக்கும் சொன்னேன். ஞாயிறு பூசை முடிந்ததும் எட்டுப் பேரும் கூறைச் சீலை, தாலிக்கொடி, இரவல் வாங்கிய அட்டியல், கொண்டை நிறையப் பூ என்று வந்து வரிசையாக உட்கார்ந்தோம். ஊருக்கு அனுப்ப ஒரு நல்ல படம் கிடைக்கும் என்று ஒவ்வொருத்திக்கும் ஆசை. மூன்று மணித்தியாலம் எங்களைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் ஏதோ கோடு போட்டார். இரண்டு மாதம் கழித்துப் படத்தைத் திறந்து காட்டினார்.

முகங்கள் எங்களுடையவைதான். ஆனால் சீலையும் இல்லை, நகையும் இல்லை. விடியற்காலையில் குவெஸ்துரா என்கிற பொலிஸ் கந்தோர் வாசலில், பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற வரிசையில் நிற்கிறோம். மங்கிய ஜம்பர், பிளாஸ்டிக் பை, வீங்கின கால். எங்களில் ஒருத்திக்கு விசா அலுவலாக அவர் துணைக்கு வந்த ஒரு காலையில் பார்த்து வைத்திருக்கிறார். நான் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி நித்திரை.

எட்டுப் பேரும் என்ன சொன்னோம்? வடிவு, மெத்தப் பெரிய உபகாரம், சிஞ்ஞோரா, என்றோம். அவர் வெட்டித் தந்த கேக்கைச் சாப்பிட்டோம். அவர் ஒவ்வொருவராக, என்ன தெரியுது, என்ன தெரியுது என்று கேட்டுக்கொண்டே வந்தார். வடிவு என்ற சொல்லுக்கு மேல் ஒருத்தியும் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை நடன வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

"என்ன நடந்தது?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. "நீங்கள் எங்களை அகதியள் மாதிரிக் கீறிப்போட்டியள். நாங்கள் சீலை உடுத்துக்கொண்டெல்லோ வந்தனாங்கள்."

"அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"முகத்துக்கு நேரை எப்பிடிச் சொல்லுறது, சிஞ்ஞோரா?"

"வேறை எதுக்கு முகம்?" என்று கத்தினார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார். தான் கீறியது பிழை என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மாற்றிக் கீறவும் இல்லை. படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். உயிர்த்த ஞாயிறு வந்த பிறகுதான் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தார்கள். உண்மையைச் சொன்னால், அந்தப் படத்தில் என்னைப் பார்க்க எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் பொய் என்று சொல்லமாட்டேன்.

இங்கே எங்களுடைய தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் பலெர்மோவுக்கு வந்த முதல் கிழமை, எனக்கு வேலை பிடித்துத் தந்த அக்கா ஒருவர் சொல்லித் தந்தது இதுதான்: "எதுக்கும் ஸி சொல்லு. விளங்காட்டியும் ஸி சொல்லு. வேலைக்காரி தங்களோடை வாதாடுறதை எந்தச் சிஞ்ஞோராவும் விரும்பமாட்டா." அப்படியே செய்தேன். பொலிதேயாமாப் பக்கத்து வீட்டு அம்மா, சூப்பில் உப்புக் கூடிவிட்டதா என்பார். ஸி, சிஞ்ஞோரா. கொஞ்சம் பொறுத்து, இல்லை, அளவாகத்தான் இருக்கிறது, இல்லையா என்பார். ஸி, சிஞ்ஞோரா. இருபது வருடத்தில் அது நாக்கில் ஊறிவிட்டது. எந்த வீட்டிலும் என்னை வேலையிலிருந்து நிறுத்தியதில்லை. எங்கள் ஆட்களுக்கு இந்த ஊரில் நல்ல பெயர் என்றால் அதில் பாதி இந்த ஸியால் வந்தது. ஜெர்மன்காரியிடம் மட்டும்தான் அது செல்லாது. அவரிடம் பதினோரு வருடத்தில் ஓரளவுக்கு வாய் திறந்து பேசப் பழகினேன். ஆனால் களைத்த நாட்களில் பழைய நாக்கு திரும்பிவிடும்.

அது ஒரு ஐப்பசி மாதம். ஆப்பிரிக்காப் பக்கமிருந்து சூட்டுக்காற்று வீசி, தரையெல்லாம் மண் படிந்திருந்தது. கூடத்தில் தெருத் தச்சன் கதிரைக் கால்களுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். நான் பின்னறையில் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது எனக்கு மூன்றாவது வேலை. ஆறு மணி பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு முக்கால் மணித்தியாலம் நிற்க வேண்டும். அந்தப் பஸ்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

சிஞ்ஞோரா கன்வசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணைப் பொத்தினார், மற்றதைப் பொத்தினார். பிறகு கேட்டார்.

"அந்தக் கதவுநிலை வளைஞ்சு போச்சோ?"

"ஸி, சிஞ்ஞோரா" என்றேன் நான். திரும்பிப் பார்க்கவில்லை. "பழைய கட்டிடந்தானே."

"நல்லா வளைஞ்சிருக்கோ?"

"ஸி, ஸி."

"ஓ. அப்ப சரி" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய படங்களில் ஜன்னல்கள் தண்ணீரில் தெரிவதுபோல நெளிந்தன. புதுமாதிரியாகக் கீறுகிறார் என்றார்கள் வந்தவர்கள். கோப்பியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். ஒருநாள் பல்லரோவில் தானே போய் மீன் வாங்கி வந்தார். பொதியைப் பிரித்துப் பார்த்தேன். கண் குழிவிழுந்து, செவுள் கறுத்து, யாருமே வாங்காத மீன். சந்தைக்காரன் அவர் தலையில் கட்டிவிட்டிருக்கிறான். நான் ஒன்றும் பேசாமல் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, ஓடிப்போய் வேறு மீன் வாங்கிச் சமைத்து வைத்தேன். வயதானவரை வெட்கப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். அவரும் சாப்பிட்டுவிட்டு நல்ல மீன் என்றார். ஒரு வீட்டில் கண்டதை அந்த வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாமல் மூடிவைக்கிற பழக்கம் எங்களுக்கு. அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

சித்திரை மாதத்தில் சென்ட்ரோ வாசல் படியில் கால் வைக்கிறேன் என்று வெறும் காற்றில் கால் வைத்து விழுந்தார். நெற்றியில் காயம். காயத்தைத் தைத்த இடத்தில் கண்ணையும் காட்டச் சொன்னார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண் மருத்துவர் சின்னச் சின்னச் சதுரங்கள் கீறிய ஒரு காகிதத்தைக் கொடுத்தார். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

"என்ன தெரிகிறது, சிஞ்ஞோரா?" என்று கேட்டார்.

நான் அவருடைய கோட்டையும் பையையும் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். வாழ்க்கை முழுக்க அந்தக் கேள்வியைப் பிறரிடம் கேட்டவர் காகிதத்தைக் கிட்டக் கொண்டுபோனார், தூரப் பிடித்தார். "நடுவிலை கோடெல்லாம் வளையுது. புள்ளி இல்லை" என்றார்.

"எப்போதிருந்து?"

"ஐப்பசியிலை இருந்து. கதவுநிலை வளைஞ்சு தெரிஞ்சுது."

கண்ணுக்குப் பின்னால் இரத்தக் குழாய் கசிகிறது, அப்போதே வந்திருந்தால் ஊசி போட்டு நிறுத்தப் பார்த்திருக்கலாம், ஆறு மாதம் நீண்ட காலம் என்றார் மருத்துவர். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பவில்லை. கதவுநிலை வளைந்திருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள் என்று அவர் அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அவர் மேலே போய்ப் படுத்த பிறகு, நான் தரை துடைக்கிற தடியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய் அந்தக் கதவுநிலையில் நேராகச் சாத்தி வைத்துப் பார்த்தேன். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு கடதாசி நுழையக்கூட இடைவெளி இல்லை. அந்தக் கட்டிடத்தில் நேராக இருந்தது அது ஒன்றுதான் போலிருந்தது. தடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன்.

ஊசிகள் போட்டார்கள். பெரிதாக ஒன்றும் திரும்பி வரவில்லை. அடுத்த குளிர்காலத்துக்குள் நடுப்பார்வை இரண்டு கண்ணிலும் போய்விட்டது. ஓரம் மட்டும் தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்துச் சுவரைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் மூக்கு, வாய் ஒன்றும் பிடிபடாது. குரலை வைத்துத்தான் ஆட்களை அறிந்தார். கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். யாராவது தங்கள் படத்தைக் கொண்டுவந்து காட்டினால், "வடிவாயிருக்கு" என்பார். வகுப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. மேளக்காரப் பெடியன்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

மனுசனிடம் சொன்னேன். "நீ சொல்லாட்டி ஆருக்குத் தெரியப்போகுது? சும்மா இரு. பிறகு எங்கடை சனம் முழுக்க உன்ரை தலையை உருட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை விடிய பலெர்மோவின் காவல் புனிதை ரொசாலியா அம்மாவின் மலைக்கு எங்கள் ஆட்களோடு வெறுங்காலுடன் ஏறினேன். சைவக்காரரும் வேதக்காரரும் சேர்ந்து ஏறுகிற மலை அது. குகைக்குள் நின்று மெழுகுதிரி கொளுத்தினேன். மனம் ஆறவில்லை. தமிழ்ப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "நீங்கள் தெரிஞ்சு செய்யேல்லை, அம்மா. ஆண்டவர் மன்னிப்பார்" என்றார். ஆண்டவருடைய கண்ணா போனது என்று கேட்க நினைத்தேன். அவரிடமும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

ஜெர்மனியிலிருந்து அவருடைய தம்பி மகன் வந்து அழைத்துப்போவதாக முடிவாயிற்று. சென்ட்ரோவை மூடவேண்டியதுதான், வேறு வழியில்லை. அவர் போவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு பின்னேரம், மேல் குசினியில் மேசை நிறையத் தூரிகைகளைப் பரப்பி வைத்து, விரலால் மயிரைத் தடவிப் பார்த்து யாருக்கு எது என்று பிரித்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி வைத்துவிட்டு எதிரில் நின்றேன்.

"ஒண்டு சொல்லவேணும், சிஞ்ஞோரா."

"சொல்லு."

"அண்டைக்குக் கதவுநிலை வளைஞ்சிருக்கோ எண்டு கேட்டனீங்கள். நான் ஓமெண்டு சொன்னனான். நான் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. அது நேராத்தான் இருக்கு. என்னாலைதான் உங்கடை கண் போனது."

அவர் தூரிகையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் கீழே விழுந்து காலைப் பிடிக்கவும் ஆயத்தமாகத்தான் நின்றேன்.

"நீ பாக்கேல்லையெண்டு எனக்குத் தெரியும்" என்றார். "உன்ரை முதுகைத்தான் நான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"தெரிஞ்சுமோ?"

"தச்சன் பத்தடியிலை இருந்தவன். அவனைக் கேட்டிருந்தா நேர் எண்டு உடனை சொல்லியிருப்பான். எனக்கு அதைக் கேக்க விருப்பமில்லை. பயமாயிருந்தது. அதுதான் உன்னைக் கேட்டனான். நீ ஓமெண்டு சொல்லுவாய் எண்டு எனக்குத் தெரியும்."

முதலில் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. அடுத்த நிமிடமே எனக்குக் கோபம் வந்தது. எப்படிப்பட்ட கோபம் என்றால், காது அடைத்துவிட்டது. ஒரு வருடமாக நான் நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறேன். வெறுங்காலுடன் மலை ஏறியிருக்கிறேன். பழுதான மீனைப் பழுது என்று சொன்னதற்காக என்னை வேலைக்கு எடுத்தவர், தனக்கென்று வந்தபோது பொய் சொல்ல ஒரு ஆள் தேடியிருக்கிறார், அந்த ஆள் நானாக இருந்திருக்கிறேன். பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் கண்டது அவ்வளவுதானா?

"அப்ப என்னை எதுக்கு இவ்வளவு காலமும் பாக்கச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி இருந்தது.

அவர் ஒரு தூரிகையை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. மேசையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது, அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வேலைக்கும் போகவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவரே போன் எடுத்தார். நம்பரை யாரோ அழுத்திக் கொடுத்திருக்க வேண்டும்.

"பத்து மணிக்குக் கார் வருது" என்றார். "நீ வாறியோ?"

"ஸி, சிஞ்ஞோரா. வாறன்" என்றேன்.

போனை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன். மனுசன் எட்டிப் பார்த்து, "போகேல்லையே?" என்றார். "பிறகு போறன்" என்றேன். ஒன்பதரைக்குக்கூட ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். பத்து மணிக்கு உடுப்புத் தோய்த்தேன். பத்தரைக்கு அதைக் கொடியில் போட்டேன். அந்தக் கோபம் நியாயமான கோபம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் போயிருக்க வேண்டும்.

போன வருடம் அவர் செத்துப்போன செய்தி வந்தது. தம்பி மகன் தெருத் தச்சனுக்கு அறிவித்து, தச்சன் சந்தையில் என்னைக் கண்டபோது சொன்னான். அதோடு அந்தச் சனிக்கிழமைக் கதையையும் சொன்னான். அதுவரைக்கும் அது எனக்குத் தெரியாது. சென்ட்ரோவைப் பூட்டிவிட்டு, குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு, தெரு முனையில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாராம். கார்க்காரன் ஹோர்ன் அடித்தானாம். விமானம் போய்விடும் என்று தம்பி மகன் கையைப் பிடித்து இழுத்தானாம். வருகிற காலடிச் சத்தத்துக்கெல்லாம் முகத்தைத் திருப்பினாராம். பதினொன்றரை வரைக்கும் அப்படியே இருந்தாராம்.

"இனி அவள் வரமாட்டாள், ஏறுங்கோ எண்டு நானும் சொல்லிப் பாத்தனான்" என்றான் தச்சன். "கேக்கேல்லை. அவள் வாறனெண்டு சொன்னவள், வருவாள் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தா."